கண்டதை எழுதுங்கள், மாமா!

ஷஃபான் பிறை தென்பட்டுவிட்டால் அரபி மத்ரஸா ஆசிரியர்களின் கையில் சிவப்பு மைப் பேனா ஏறிவிடும். ஆண்டுத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, மதிப்பெண் பட்டியல், மேல்வகுப்புப் பரிந்துரை என்று நாள்கள் ஓய்வின்றிக் கழியும். ஒவ்வொரு மாணவரின் பெயருக்கு நேராகவும் ஆசிரியர் தம் கருத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரி ஒரு பிள்ளையின் ஓராண்டைத் தீர்மானித்துவிடும்.

2023ஆம் ஆண்டு நான் அப்படி எழுதிய வரிகளுள் ஒன்று இது: "கவனமற்றவன். மேல்வகுப்புக்குத் தகுதியில்லை."

பதினான்கு வயதுச் சிறுவன் அவன். ஒரு சனிக்கிழமை காலை வாய்மொழித் தேர்வுக்காக என் முன்னால் வந்தமர்ந்தான். மனனம் செய்திருக்க வேண்டிய பாடத்தில் நான்காம் வரியோடு நின்றுவிட்டான். கண்களில் தூக்கம், கேட்ட கேள்விகளுக்கு மௌனம். எனக்குச் சினம் மூண்டது. சினத்தோடு எழுதினேன். பட்டியலை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, உம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினேன். மிஷிகன் மாநிலத்தில் வாழும் என் தங்கையைக் காண வேண்டும் என்பது உம்மாவின் நெடுநாள் ஆசை. மத்ரஸாவின் ஆண்டு விடுமுறை அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில், பதினாறு வயதான என் தங்கை மகள், மதிப்பெண் இடுவது எப்படி என்று எனக்குப் பாடம் நடத்துவாள் என நான் கனவிலும் நினைக்கவில்லை.

இயந்திரங்களின் பந்தயம்

அவள் தன் பள்ளியின் ரோபோ அணியில் இருந்தாள். இயந்திரங்களை மோதவிட்டு நொறுக்கும் சண்டைக் காட்சி என்றே அதை நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு நடத்தும் போட்டி அது. 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 28 அணிகளோடு தொடங்கியது. இன்று பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான அணிகள் பங்கேற்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் புதியதோர் ஆட்டத்தின் விதிகளை அறிவிப்பார்கள். சில வாரங்களுக்குள் மாணவர்கள் அதற்கேற்ற ரோபோவைத் தாங்களே வடிவமைத்துக் கட்டி முடிக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டின் ஆட்டத்துக்குச் 'சார்ஜ்டு அப்' என்று பெயர். 54 அடி நீளக் களம். சிவப்பு அணியில் மூன்று ரோபோக்கள், நீல அணியில் மூன்று. மஞ்சள் கூம்புகளையும், காற்றடைத்த ஊதா நிறக் கனசதுரங்களையும் எடுத்துச் சென்று மூன்று அடுக்குகளில் வைக்க வேண்டும். மேலடுக்கில் வைத்தால் 5 புள்ளி, நடுவில் 3, தரையில் 2. முதல் 15 வினாடிகள் மனிதக் கை படாமல் ரோபோ தானே இயங்க வேண்டும். அப்போது வைப்பவற்றுக்கு ஒரு புள்ளி கூடுதல். பின்னர் இரண்டே கால் நிமிடம் மாணவர்கள் இயக்குவார்கள். முடியும் தறுவாயில், தராசுத் தட்டைப் போல ஆடுகின்ற மேடை ஒன்றின் மீது ரோபோக்கள் ஏறி அதைச் சமநிலையில் நிறுத்தினால் தனிப் புள்ளிகள் உண்டு. இரண்டரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இதில் வியப்பான விதி ஒன்றுண்டு. இந்த ஆட்டத்தில் உங்களோடு தோள் சேர்ந்து நிற்பவர், அடுத்த ஆட்டத்தில் எதிரணியில் நிற்பார். யார் யாரோடு சேர்வது என்பதை அட்டவணை முடிவு செய்கிறது. நாற்பது அணிகள் வந்திருந்த அந்தப் போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் 12 தகுதியாட்டங்கள். அவற்றின் முடிவில் தரவரிசை வெளியாகும். முன்னிற்கும் எட்டு அணிகள் தலைமை ஏற்று, தமக்கு வேண்டிய இரண்டிரண்டு கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இறுதிச் சுற்றில் இறங்கும்.

கூட்டாளியைத் தேர்வதில்தான் சிக்கலே இருக்கிறது. தரவரிசையை மட்டும் நம்ப முடியாது. நல்ல ரோபோவுக்குப் பன்னிரண்டு ஆட்டங்களிலும் நலிந்த துணைகள் வாய்த்தால் அது பின்தங்கிவிடும். சுமாரான ரோபோ வலிய துணைகளின் தோளிலேறி முன்னுக்கு வந்துவிடும். அறிவிப்புப் பலகையில் மூவரின் கூட்டுப் புள்ளியே தெரியும். யார் எவ்வளவு உழைத்தார் என்பது தெரியாது.

விரிதாளும் பேரேடும்

அதைத் தெரிந்துகொள்ளவே மாணவர்கள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் நோட்டம் பார்க்கிறார்கள். 'நோட்டம்' நம் பழஞ்சொல். நாணயத்தின் தரம் பார்ப்பவரை நோட்டக்காரர் என்பார்கள். களத்தில் ஆறு ரோபோக்கள் என்றால் மேலே ஆறு நோட்டக்காரர்கள், ஒருவருக்கு ஒன்று. ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கணினியின் விரிதாளில் பதிய வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒரு ரோபோவுக்கு ஒரு கிடைவரிசை. ஆட்ட எண், அணி எண், தானியங்கி நேரத்தில் வைத்தவை, மேலடுக்கு, நடு அடுக்கு, தரை, தவறவிட்டவை, மேடை ஏறியதா, பழுதாகி நின்றதா என்று நெடுவரிசைகள்.

விரிதாளைப் பார்த்ததும் எனக்கு வாப்பாவின் கடைப் பேரேடு நினைவுக்கு வந்தது. கட்டம் போட்ட தாளும் கூட்டல் கழித்தலும் புதியவை அல்ல. 1979இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் 'விசிகால்க்' என்னும் மென்பொருளை வெளியிட்டு, அந்தப் பேரேட்டைச் சிறு கணினிக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் எல்லாம் தாமே மாறிவிடும். வாப்பா இரவெல்லாம் விளக்கடியில் செய்ததை அது நொடியில் செய்கிறது.

நோட்டக்காரர் இல்லாமலும் ஒரு கணக்குப் போடலாம் என்றாள் தங்கை மகள். கடையில் மூன்று ஆட்கள் சேர்ந்து விற்ற தொகை மட்டும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்ளுங்கள். நாளுக்கு நாள் ஆட்கள் மாறி மாறி நின்றால், பல நாள் தொகைகளைச் சமன்பாடுகளாக வைத்து ஒவ்வொருவரின் பங்கையும் ஏறத்தாழப் பிரித்தெடுக்கலாம். அதையே இங்கு 'ஓ.பி.ஆர்.' என்கிறார்கள். இந்தக் கணக்கைப் பரப்பியவர்களுள் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் நகரைச் சேர்ந்த 1114ஆம் எண் அணியும் ஒன்று. அவ்வணியின் வழிகாட்டியாக இருந்த கார்த்திக் கனகசபாபதி, எல்லா அணிகளின் விவரங்களும் அடங்கிய விரிதாளைப் பல ஆண்டுகள் யாவருக்கும் பொதுவாக வெளியிட்டு வந்தார். தமிழ்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு இனித்தது. எதிரணிக்கும் பயன்படும் என்று தெரிந்தே கணக்கைப் பகிர்ந்த மனம் அதைவிட இனித்தது.

"ஆனால் மாமா, அந்தக் கணக்குக்குப் புள்ளி மட்டுமே தெரியும். எதிரியின் வழியை மறித்து நின்று தன் கூட்டாளிகளைக் காத்த ரோபோவுக்கு அது சுழியம்தான் தரும். அதற்குத்தான் கண் வேண்டும்" என்றாள்.

நான் நோட்டக்காரனான கதை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையை முடித்துக்கொண்டு நானும் மச்சானும் போட்டிக் கூடத்துக்குச் சென்றோம். நோட்டக்காரர்களுள் ஒரு மாணவன் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டான். முக்காடிட்ட தலையோடு கையில் கணினியுமாக ஓடி வந்த தங்கை மகள், "மாமா, ஓர் இருக்கை காலியாக இருக்கிறது. உதவி செய்வீர்களா?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாகத் தேர்வுத்தாள் திருத்துகிறவனுக்கு இது ஒரு வேலையா என்ற எண்ணத்தோடு அமர்ந்தேன்.

முதல் ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த ரோபோ கூம்பை எடுப்பதும் கீழே போடுவதுமாக இருந்தது. குறிப்புக்கான கட்டத்தில் "மிக மோசமான ரோபோ" என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"மோசம் என்றால் என்ன மாமா? எத்தனை கூம்பை எடுத்தது? எத்தனை விழுந்தது? கை பிடி தளர்ந்ததா, ஓட்டுபவர் அவசரப்பட்டாரா? கண்டதை எழுதுங்கள், மாமா. முடிவை நாளைக்கு எல்லா வரிசைகளையும் சேர்த்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்."

நான் அழித்துவிட்டு எழுதினேன்: "ஐந்து எடுத்தது. மூன்று விழுந்தது. மூன்றும் இடப்பக்கம் திரும்பும்போது." இந்தக் குறிப்பை அந்த ரோபோவைக் கட்டிய பிள்ளைகளிடம் காட்டியிருந்தால் அவர்கள் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டிருப்பார்கள். முந்திய குறிப்பைக் காட்டியிருந்தால் அழுதிருப்பார்கள். இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அந்த அணியினரே தோளுக்குப் பின்னால் நின்று படித்தாலும் நாம் வெட்கப்படத் தேவையில்லாத சொற்களையே எழுத வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்து 2019இல் மறைந்த உட்டி ஃபிளவர்ஸ், கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டே கண்ணியம் காக்கும் பண்பை இந்தப் போட்டியின் நெறியாகப் பிள்ளைகளின் மனத்தில் பதியவைத்தார். களத்தில் தோற்கடிக்கப் போகும் அணிக்கே, அதன் சங்கிலி அறுந்தபோது, இவர்கள் தம் பெட்டியிலிருந்து சங்கிலி எடுத்துக் கொடுத்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

இரவில் ஒரு கேள்வி

அன்றிரவு இஷா தொழுகைக்குப் பின் உணவு விரிப்பில் அமர்ந்திருந்தபோது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாமா, மற்றவர்களின் குறைகளை இப்படி எழுதி வைக்கிறோமே, இது புறம் பேசுவதில் சேருமா?"

உம்மாவின் முகத்தில் பெருமிதம் படர்ந்தது. நான் என் துறைக்குத் திரும்பிவிட்ட மகிழ்ச்சியில் விளக்கத் தொடங்கினேன். இமாம் நவவி அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில், பிறர் குறையை எடுத்துச் சொல்ல அனுமதி உள்ள இடங்களைத் தனிப்பாடமாகவே தொகுத்திருக்கிறார்கள். ஒருவரோடு கூட்டுச் சேரலாமா என்று ஆலோசனை கேட்கப்பட்டால் உண்மையைச் சொல்வது அவற்றுள் அடங்கும். ஆனால் தேவையான அளவுக்கு மட்டும். தேவையைத் தாண்டிய சொல் ஒவ்வொன்றும் புறம்தான்.

அத்தோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடுவதற்கென்றே 'ஜர்ஹ், தஃதீல்' என்னும் கலை வளர்ந்த வரலாற்றைச் சொன்னேன். இமாம் தஹபி அவர்கள் தம் நூலுக்கு 'மீஸான்', அதாவது தராசு என்று பெயர் தொடங்கியதைச் சொன்னேன். "அறிவிப்பாளர் நேர்மையானவராக இருந்தால் மட்டும் போதாது, துல்லியமானவராகவும் இருக்க வேண்டும். எவ்வளவு பேணுதலான மனிதராக இருந்தாலும் நினைவு பிசகுபவர் என்றால் அவர் அறிவிப்பைப் பலவீனமானது என்றே ஒதுக்கினார்கள்" என்று முடித்தேன்.

அவள் கணினியைத் திறந்தாள். முகத்தில் ஒரு சங்கடம்.

"மாமா, நாங்களும் ஒரு சோதனை செய்வோம். ஒரு நிறத்தின் மூன்று நோட்டக்காரர்கள் எழுதிய எண்ணிக்கையைக் கூட்டி, நடுவர்கள் வெளியிட்ட எண்ணிக்கையோடு ஒப்பிடுவோம். இன்று பெரும்பாலும் சரியாக வந்தது. மூன்று ஆட்டங்களில் மட்டும் கூடுதல். 12 இருக்க வேண்டியது 14. 10 இருக்க வேண்டியது 11. 13 இருக்க வேண்டியது 16. ஆட்களை இருக்கை மாற்றிக்கொண்டே இருந்தேன். அந்த மூன்றிலும் பொதுவாக இருந்தவர்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

பொதுவாக இருந்தவன் நான்தான்.

கூம்பை ரோபோ கைவிட்டதுமே 'வைத்தாயிற்று' என்று நான் பதிந்திருக்கிறேன். அது கம்பத்தில் நின்றதா, சறுக்கி விழுந்ததா என்று பார்க்கும் முன்பே கண் அடுத்ததற்குத் தாவிவிட்டது. என் நேர்மையில் குறையில்லை, துல்லியத்தில் குறை. பலவீனமான அறிவிப்பாளர் யார் என்று விளக்கி முடித்த அதே விரிப்பில், அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. மச்சான் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். ஆட்டங்களின் ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்து, என் வரிசைகளை இருவருமாக அமர்ந்து திருத்தினோம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கூம்புகளைப் பற்றி எழுதியதைச் சரிபார்க்க நடுவரின் கணக்கு ஒன்று இருந்தது. "கவனமற்றவன்" என்று நான் எழுதியதைச் சரிபார்க்க என்ன இருக்கிறது? இருபது ஆண்டுகளாக என் ஒற்றை வரிகளை யார் கூட்டிப் பார்த்தார்கள்?

முப்பத்தோராம் இடம்

மறுநாள் தகுதியாட்டங்கள் முடிந்தபோது தங்கை மகளின் அணி ஏழாம் இடத்தில் நின்றது. முதல் கூட்டாளி பற்றிக் கருத்து வேறுபாடு எழவில்லை. இரண்டாம் கூட்டாளியில்தான் விவாதம். மூத்த மாணவர்கள் 11ஆம் இடத்திலிருந்த ஓர் அணியைச் சுட்டினார்கள். அது இன்னும் எவராலும் எடுக்கப்படாமல் இருந்தால் அதையே எடுக்க வேண்டும் என்றார்கள். இவள் 31ஆம் இடத்திலிருந்த அணியைச் சொன்னாள். வண்ணப்பூச்சு இல்லாத தகட்டு ரோபோ. ஆறேழு பிள்ளைகள் மட்டுமே கொண்ட சிறிய அணி.

அவள் குரலை உயர்த்தவில்லை. விரிதாளைத் திருப்பிக் காட்டினாள். கடைசி ஆறு ஆட்டங்களில் 11ஆம் இடத்து ரோபோ வைத்தவை: 0, 8, 1, 7, 0, 8. 31ஆம் இடத்து ரோபோ வைத்தவை: 4, 4, 5, 4, 4, 3. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 24, சராசரி 4.

"சராசரி ஒன்றுதான். ஆனால் அது மூன்று ஆட்டங்களில் இருந்தும் இல்லாததைப் போல. இது ஒரு நாளும் நம்மைக் கைவிடவில்லை. இதன் கூட்டாளிகள்தாம் இதைக் கைவிட்டார்கள்" என்றாள்.

முதல் இரு வரிசைகளில் எட்டை மட்டும் கண்டவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். சுழியத்தை மட்டும் கண்டவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். ஆறையும் கண்டவர்களுக்கே நடந்தது தெரியும். மூத்த மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் அந்தச் சிறிய அணியின் எண் அழைக்கப்பட்டபோது, கூடத்தின் மூலையில் அந்த ஆறேழு பிள்ளைகள் துள்ளிக் குதித்ததை என்னால் மறக்க முடியாது. தங்களை எவரும் கவனிக்கவில்லை என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

அவர்கள் கோப்பையை வெல்லவில்லை. இரண்டு தோல்வி கண்டவர் வெளியேற வேண்டும் என்ற விதிப்படி, இரண்டு வெற்றிகளுக்குப் பின் வெளியேறினார்கள். அந்தத் தகட்டு ரோபோ ஓர் ஆட்டத்திலும் பழுதாகி நிற்கவில்லை.

சனிக்கிழமை வரிசை

நோன்புப் பெருநாளுக்குப் பின் ஊர் திரும்பினேன். ஷவ்வாலில் மத்ரஸா திறந்தபோது அந்தச் சிறுவன் என் வரியின்படி பழைய வகுப்பிலேயே அமர்ந்திருந்தான். நான் கடைவீதியில் ஒரு கட்டம் போட்ட குறிப்பேடு வாங்கினேன். எனக்குக் கணினி தேவைப்படவில்லை. மாணவர் பெயர்கள் கிடைவரிசையில், நாள்கள் நெடுவரிசையில். ஒவ்வொரு நாளும் ஒப்பித்த வரிகள், தடுமாறிய இடங்கள். கருத்து எதுவும் எழுதுவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

பத்து வாரங்கள் கழித்துக் குறிப்பேட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். அந்தச் சிறுவன் ஞாயிறு முதல் வியாழன் வரை வகுப்பின் முதல் ஐவருள் ஒருவன். பத்துச் சனிக்கிழமைகளில் எட்டில் தடுமாற்றம்.

அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். தலைகுனிந்து சொன்னான். அவன் வாப்பா வாரச் சந்தைகளில் துணிக்கடை போடுபவர். வெள்ளிக்கிழமை மத்ரஸாவுக்கு விடுமுறை என்பதால் ஜும்ஆ முடிந்ததும் இவன் பக்கத்து ஊர்ச் சந்தைக்குத் துணை போவான். கடையைக் கட்டி, மூட்டைகளை ஏற்றி, வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும். சுப்ஹுக்கு எழுந்து நேரே வகுப்புக்கு வருவான்.

"ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே, உஸ்தாத்."

சனிக்கிழமைகளில் அவன் பாடத்தை அஸருக்குப் பின் கேட்பது என்று மாற்றிக்கொண்டேன். முதல்வர் ஹஜ்ரத்திடம் சென்று, நான் எழுதிய வரி பிழையானது என்று சொல்லி, அரையாண்டுத் தேர்வோடு அவனை மேல்வகுப்புக்கு அனுப்பக் கேட்டுக்கொண்டேன். அவனிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியன் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது எளிதன்று என்பதை அன்று உணர்ந்தேன். அவன் என்னைவிடக் கூச்சப்பட்டான்.

அன்புப் பெற்றோர்களே! "இவன் சோம்பேறி", "இவளுக்குக் கணக்கே வராது", "மூத்தவனைப் போல் இவன் இல்லை" என்று நம் வீடுகளில் எத்தனை ஒற்றை வரிகள் நாள்தோறும் எழுதப்படுகின்றன! அவற்றை நாவால் எழுதுகிறோம். ஆதலால் அழிக்கவும் முடிவதில்லை. அடுத்த முறை அப்படியொரு சொல் நாவில் எழும்போது, ஒரு மாதத்துக்கு ஒரு தாளில் கண்டதை மட்டும் குறித்து வாருங்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன செய்தான், என்ன செய்யவில்லை. பிறகு மேலிருந்து கீழாகப் பாருங்கள். பிள்ளையின் குறை தெரியலாம். நாம் கேட்காமல் விட்ட கேள்வியும் தெரியலாம்.

இந்த ஷஃபானிலும் சிவப்பு மைப் பேனா என் கைக்கு வந்தது. பட்டியலைத் திறக்கும் முன் கட்டம் போட்ட குறிப்பேட்டை எடுத்து அருகில் வைத்துக்கொண்டேன்.